கேமராவின் ‘எம்’ எழுத்தும் மூன்று எண்களும்

மொரிஷியஸ் தீவின் கட்ர போர்னில், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குக் கடந்த தைப்பூசத்தன்று என் அக்கா காவடி எடுத்தார். அவருடைய மகள், பதினாறு வயதுப் பெண், புதிதாக வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னும் பின்னும் ஓடி முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தாள். மாலையில் அவற்றைக் கேமராவின் சிறு திரையில் ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினாள். வானம் நல்ல நீலமாக இருந்தது. காவடியின் வளைவில் செருகிய தென்னங்குருத்தும் அதன் மேல் கட்டிய பூவும் இதழ் இதழாகத் தெரிந்தன. வளைவுக்குக் கீழே, அக்காவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், கரிய நிழல் மட்டுமே இருந்தது.

“மாமா, ஆட்டோவில் எடுத்ததால்தான் இப்படி ஆகிவிட்டதாம். மேனுவலில் வைத்திருந்தால் சரியாக வந்திருக்குமாம்” என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாள்.

‘மேனுவல்’ என்ற சொல்லைப் பலரும் மந்திரம் போலப் பயன்படுத்துகிறார்கள். கேமராவின் மேலுள்ள வட்டத் திருகியை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பிவிட்டால் படத்தின் தரமே உயர்ந்துவிடும் என்றும், தேர்ந்தவர்கள் எப்போதும் அதில்தான் எடுப்பார்கள் என்றும் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆட்டோவில் கேமரா மூன்று எண்களைத் தேர்ந்தெடுக்கிறது. ‘எம்’மில் அதே மூன்று எண்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். கேமரா தேர்ந்த அதே எண்களை நீங்களும் வைத்தால், அதே படம்தான் வரும், ஒரு புள்ளியும் கூடாது, குறையாது. ஆகவே கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மூன்று எண்களின் பொருளையும், அவற்றைத் தேர்வதில் கேமரா எங்கே ஏமாறுகிறது என்பதையும்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே விலக்கிவிடலாம். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ‘எம்எஃப்’ என்ற பொத்தான், படத்தின் எந்தப் பகுதி தெளிவாக இருக்க வேண்டும் என்பதைக் கையால் திருகி அமைப்பதற்கானது. அதற்கும் நாம் பேசப்போகும் ‘எம்’முக்கும் தொடர்பில்லை. தெளிவைக் கேமராவிடமே விட்டுவிட்டு, மூன்று எண்களை மட்டும் நீங்கள் கையாளலாம். தொடக்கத்தில் அதுவே நல்லது.

குடம் நிரம்பும் கணக்கு

குழாயில் குறித்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் வரும் வறட்சி மாதங்களை இத்தீவில் அனுபவித்தவர்களுக்குக் குடம் நிரப்பும் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது நம் கையில் இல்லை. குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்ற இரண்டு மட்டுமே நம் கையில் இருக்கின்றன. வேகம் குறைவாக இருந்தால் அகலமாகத் திறக்கலாம், அல்லது நேரம் கொடுத்துக் காத்திருக்கலாம்.

கேமராவில் தண்ணீருக்குப் பதில் ஒளி வருகிறது. லென்ஸுக்குப் பின்னால், ஒளியை வாங்கிச் சேர்க்கும் தகடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சென்சார். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய ‘குடங்கள்’ வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரு படம் எடுக்கும்போது அந்தக் குடங்களில் சேரும் ஒளியின் அளவை எக்ஸ்போஷர் என்கிறோம். குடத்தில் ஒன்றுமே விழாவிட்டால் அந்த இடம் கறுப்பாகிறது. நிரம்பி வழிந்தால் வெறும் வெள்ளையாகிறது. வழிந்து தரையில் ஓடிய தண்ணீரை மறுபடி குடத்தில் சேர்க்க முடியாதது போல, முழு வெள்ளையாகிப்போன இடத்தில் இருந்த நுணுக்கத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: காட்சியில் இருக்கும் ஒளி இயற்கை தருவது. அது நுழையும் துளையின் அகலமும் நுழைகிற நேரமும் நம்முடையவை. மூன்றாவது எண்ணான ஐஎஸ்ஓ இந்தக் குடக் கணக்கில் சேராது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

அரை, கால், அரைக்கால்

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைக்கு அப்பர்ச்சர் என்று பெயர். பிரெஞ்சில் கேமரா பழகியவர்கள் இதையே ‘தியாஃப்ராக்ம்’ என்று கேட்டிருப்பார்கள். மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இந்தத் துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் செய்கின்றன. இதன் அளவை எஃப்/2, எஃப்/4, எஃப்/8, எஃப்/16 என்று எழுதுகிறார்கள். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: எண் பெரிதாகும்போது துளை சிறிதாவது எப்படி?

நம் முன்னோர் கணக்கு படித்த முறையில் இதைப் பார்த்தால் தடுமாற்றமே வராது. எஃப்/2 என்பதை ‘இரண்டு’ என்று படிக்காதீர்கள், ‘அரை’ என்று படியுங்கள். எஃப்/4 என்பது கால். எஃப்/8 என்பது அரைக்கால். எஃப்/16 என்பது மாகாணி. காலைவிட அரைக்கால் சிறியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதில் அரை, எதில் கால் என்று கேட்டால், லென்ஸின் குவியத் தூரத்தில் என்பது விடை. குவியத் தூரம் என்பது லென்ஸின் மேல் 50 மில்லிமீட்டர், 85 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும் அளவு. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் துளையின் விட்டம் அதில் பாதி, 25 மில்லிமீட்டர். எஃப்/4 என்றால் 12.5 மில்லிமீட்டர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விட்டம் பாதியானால் துளையின் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. ஆகவே எஃப்/2இலிருந்து எஃப்/4க்குப் போகும்போது ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒளி சரிபாதியாகக் குறையும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது, அதுதான் எஃப்/2.8. லென்ஸில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற விநோதமான வரிசை வருவதற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது.

துளையின் அகலம் ஒளியை மட்டும் மாற்றுவதில்லை. அகலமாகத் திறந்தால், நாம் குறிவைத்த முகம் தெளிவாகவும் அதன் பின்னால் இருக்கும் கூட்டமும் கொடிகளும் கரைந்த வண்ணங்களாகவும் வரும். துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் நெடுந்தூரம் தெளிவாக இருக்கும். தெளிவாகத் தெரியும் இந்த முன்பின் தூரத்தைத் தெளிவாழம் என்று சொல்லலாம். காவடியைத் தனித்துக் காட்ட வேண்டுமானால் எஃப்/2.8. காவடியும் அதற்குப் பின்னால் எழும் மலையும் சேர்ந்து வேண்டுமானால் எஃப்/11.

நேரத்தின் எண்

சென்சாருக்கு முன்னால் இருக்கும் திரைக்கு ஷட்டர் என்று பெயர். அது திறந்திருக்கும் நேரமே ஷட்டர் வேகம். இங்கே பலர் ‘வித்தெஸ்’ என்பதும் இதைத்தான். 1/60, 1/125, 1/250, 1/500 நொடி என்று இது போகும். இடத்தைச் சேமிப்பதற்காகப் பல கேமராக்கள் மேலே உள்ள ஒன்றை விட்டுவிட்டு வெறும் 125 என்று காட்டும். இரண்டு நொடி என்றால் எண்ணுக்கு மேல் இரு சிறு கோடுகளுடன் காட்டும். இந்தச் சிறு கோடுகளைக் கவனிக்காமல், நொடியில் நாலில் ஒரு பங்கு என்று எண்ணிக்கொண்டு நான்கு நொடி திறந்து வைத்து, படம் முழுவதும் வெள்ளையாகி வந்ததைக் கண்டு கேமரா பழுது என்று கடைக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு.

நேரம் கூடினால் ஒளி கூடும். கூடவே, அந்த நேரத்துக்குள் நடந்த அசைவும் படத்தில் பதியும். கடற்கரையில் சேகா நடனம் ஆடும் பெண்ணின் சுழலும் பாவாடையை 1/500 நொடியில் எடுத்தால் துணியின் ஒவ்வொரு மடிப்பும் காற்றில் உறைந்து நிற்கும். 1/15 நொடியில் எடுத்தால் பாவாடை வண்ண வட்டமாகிவிடும். இரண்டும் நல்ல படமாகலாம். எது வேண்டும் என்பது ஆட்டத்தைப் பார்ப்பவரின் முடிவு.

ஆடும் பொருள் ஒருபுறம் இருக்க, நம் கையும் ஆடுகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/50 நொடியைவிட மெதுவாகப் போகாதீர்கள், 200 மில்லிமீட்டருக்கு 1/200 நொடி என்பது பழைய கைக்கணக்கு. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியுள்ள கேமராக்களில் இதைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் நிலைநிறுத்தும், ஓடும் குழந்தையை நிறுத்தாது.

சில்லறை மாற்றுவது போல

ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்கிறார்கள். அப்பர்ச்சரில் ஒரு படியும் ஷட்டரில் ஒரு படியும் ஒளியளவில் சமம். நம் பணத்தாள்களில், தமிழ் எழுத்தும் அச்சாகியிருக்கும் அந்தத் தாள்களில், இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்தாலும் நூறு ரூபாய்த் தாள் இரண்டைக் கொடுத்தாலும் கடைக்காரருக்குக் கிடைப்பது ஒரே தொகைதான். அதுபோலத் துளையை ஒரு படி சுருக்கி, நேரத்தை ஒரு படி கூட்டினால், சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி மாறாது.

ஃபிலிம் காலத்தில் ஃபிலிம் பெட்டியோடு வந்த தாளிலேயே ஒரு விதியை அச்சிட்டிருப்பார்கள்: நல்ல வெயிலில் எஃப்/16 வையுங்கள், ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டரை அதற்கு நெருங்கிய 1/125 நொடியில் வையுங்கள். மேகமில்லாத நம் நண்பகலுக்கு இன்றும் இது பொருந்தும். இதைச் சில்லறை மாற்றினால் எஃப்/11, 1/250 நொடி, எஃப்/8, 1/500 நொடி, எஃப்/5.6, 1/1000 நொடி என்று வரும். நான்கிலும் படத்தின் வெளிச்சம் ஒன்றே. முதலாவதில் பின்னால் உள்ள மலையும் தெளிவாக இருக்கும். கடைசியில் நடனக்காரரின் கால் தூக்கிய தூசியும் உறைந்து நிற்கும்.

ஐஎஸ்ஓ செய்யாத வேலை

மூன்று எண்களிலும் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது ஐஎஸ்ஓதான். ஃபிலிம் காலத்தில் இது ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் குறித்தது. அமெரிக்க, ஜெர்மானிய அளவுமுறைகளை இணைத்து 1974இல் வந்த பொது அளவு அது. 400 என்று போட்ட ஃபிலிம் 100ஐவிட உண்மையிலேயே எளிதில் ஒளியை உணரும் வகையில் தயாரிக்கப்பட்டது. பெயர் அப்படியே டிஜிட்டலுக்கும் வந்துவிட்டதால், ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சார் கூடுதல் ஒளியைப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். அது அப்படிச் செய்வதில்லை. சென்சார் மாறாது. ஏற்கெனவே சேர்ந்த ஒளியிலிருந்து கிடைத்த மின்குறிப்பைப் பெருக்கிக் காட்டுவதே ஐஎஸ்ஓவின் வேலை.

கோவில் மண்டபத்து ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். பாடுபவர் மைக்கை விட்டுத் தள்ளி உட்கார்ந்து மெல்லப் பாடுகிறார். பெருக்கியின் திருகியைக் கூட்டினால் பாட்டு எல்லோருக்கும் கேட்கும். கூடவே மின்விசிறியின் ஓசையும் யாரோ இருமுவதும் உயர்ந்து கேட்கும். பாடகரின் குரல் வளம் திருகியால் கூடவில்லை. அவர் மைக்கை நெருங்கி வந்து பாடினால்தான் கூடும்.

ஐஎஸ்ஓ கூடும்போது படத்தில் மணல் தூவியதுபோல வரும் புள்ளிகளை இரைச்சல் என்கிறோம். அந்த இரைச்சல் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கியூர்பிப்பில் ஒரு வீட்டு முற்றத்தில் ஒரே அளவான கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். அந்த ஊருக்கே உரிய மெல்லிய தூறல் சில விநாடிகள் விழுந்து நின்றால், ஒரு கிண்ணத்தில் மூன்று துளி, பக்கத்தில் ஏழு, அதற்கடுத்ததில் நான்கு என்றுதான் இருக்கும். வானம் எந்தக் கிண்ணத்துக்கும் பாகுபாடு காட்டவில்லை, துளிகள் தற்செயலாக விழுகின்றன. இரவு முழுவதும் பெய்தால் எல்லாக் கிண்ணங்களிலும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். ஒளியும் துகள் துகளாக, தற்செயலாகவே வந்து விழுகிறது. குறைந்த ஒளியில் பக்கத்துப் பக்கத்துக் குடங்களில் மூன்று, ஏழு, நான்கு என்று சேர்கிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டுவது அவற்றை எட்டால் பெருக்கி 24, 56, 32 என்று காட்டுவது. சீராக இருக்க வேண்டிய கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அந்த ஏற்றத்தாழ்வுதான்.

ஆகவே ‘ஐஎஸ்ஓ கூடினால் படம் கெடும், எப்போதும் 100இலேயே வையுங்கள்’ என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. படத்தைப் புள்ளியாக்குவது ஒளிப் பற்றாக்குறை. விளக்கொளியில் நடக்கும் பூசையில் ஐஎஸ்ஓ 100ஐப் பிடித்துக்கொண்டு 1/4 நொடிக்கு ஷட்டரைத் திறந்தால் விளக்கேற்றும் கை குழம்பிப் போகும், அதைத் திருத்த வழியில்லை. எஃப்/2, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று எடுத்தால் கொஞ்சம் மணல் தூவியிருக்கும்; கை கையாக இருக்கும். முதலில் துளையையும் நேரத்தையும் படத்தின் தேவைக்கேற்ப முடிவு செய்யுங்கள். அப்போதும் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் கூட்டுங்கள்.

சுருக்கமாக: அப்பர்ச்சர் தெளிவாழத்தையும் ஷட்டர் அசைவையும் மாற்றுகின்றன. சேர்ந்தது போதாதபோது ஐஎஸ்ஓ பெருக்கிக் காட்டுகிறது. கைபேசியில் ‘ப்ரோ’ என்ற பகுதியைத் திறந்து பழக விரும்புவோர், பெரும்பாலான கைபேசிகளில் துளை மாறாது என்பதையும், ஆகவே அங்கே இரண்டு எண்களே கையில் இருக்கும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

கறுப்புப் பாறையும் வெள்ளை மணலும்

இனி அக்காவின் முகத்துக்கு வருவோம். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது; அதை ஒளியளவி என்பார்கள். காட்சியிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது அதற்குத் தெரியும். அந்த வெளிச்சம் எதன்மேல் பட்டு வருகிறது என்பது தெரியாது. எனவே அது ஓர் ஊகத்தை வைத்துக்கொள்கிறது: உலகில் கறுப்பும் வெள்ளையும் கலந்து, சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் இருக்கும். எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரும் எண்களையே அது தேர்கிறது.

எரிமலையில் பிறந்த நம் தீவில் இந்த ஊகம் அடிக்கடி பொய்க்கிறது. கடலோரத்துக் கறுப்புப் பாறையால் சட்டகத்தை நிரப்பி ஆட்டோவில் எடுத்துப் பாருங்கள், பாறை வெளிறிச் சாம்பலாக வரும். திரும்பி நின்று பவள மணலை மட்டும் எடுத்துப் பாருங்கள், பளீரென்ற மணல் அழுக்குச் சாம்பலாக வரும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் பாறையும் மணலும் ஏறக்குறைய ஒரே நிறம். இந்த ஒரு சோதனையைச் செய்தவர்கள் ‘எம்’ எதற்கு என்பதில் பாதியைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். இக்காலக் கேமராக்கள் முகங்களைக் கண்டுபிடித்து ஊகத்தைத் திருத்திக்கொள்ள முயல்கின்றன. ஆனால் பூவும் ஓலையும் மறைக்கும் முகத்தில் அவையும் தவறுகின்றன.

தைப்பூசத்தில் நடந்தது இதுவே. மொரிஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருப்பதால், தை மாதத்து நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. காவடியின் வளைவு வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு, தூக்கிவருபவரின் முகத்தின்மேல் நிழலை இறக்குகிறது. சட்டகத்தின் பெரும்பகுதி ஒளிரும் வானமும் வெயில் பட்ட பூக்களும். அவற்றைச் சாம்பலுக்கு இறக்கக் கேமரா ஒளியைக் குறைத்தது. முகம் அதனோடு சேர்ந்து கறுப்புக்குள் போனது. நம் கண் நிழலைப் பார்க்கும்போது நிழலுக்கும் வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும் உடனுக்குடன் தன்னைச் சரிசெய்துகொள்வதால், அங்கே நின்றவளுக்கு இரண்டுமே தெரிந்தன. சென்சார் அத்தனை அகன்ற வேறுபாட்டை ஒரே படத்தில் முழுமையாகத் தாங்காது.

அப்படியானால் முகமா, வானமா என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். கேமராவால் இயலாதது அந்த முடிவு. பத்து நாள் விரதமிருந்து, கன்னத்தில் வேல் தரித்து, தார்ச்சாலையின் சூட்டில் வெறுங்காலோடு நடந்துவரும் ஒருவரைப் படமெடுக்கையில், எனக்கு வானம் வெளுத்துப்போவதில் கவலையில்லை.

‘எம்’மை எப்போது எடுப்பது

முகத்தின்மேல் விழுவது போன்ற நிழலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, சட்டகத்தை அதால் நிரப்புங்கள். ‘எம்’மில் இருக்கும்போது, ஒளியளவி தன் கணிப்பைக் கழித்தல் 3 முதல் கூட்டல் 3 வரையுள்ள ஓர் அளவுகோலில் காட்டிக்கொண்டே இருக்கும், நடுவில் உள்ள பூச்சியம் அதன் சாம்பல். உள்ளங்கை அந்தச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிர். ஆகவே முள் கூட்டல் 1இல் நிற்கும்படி எண்களை அமையுங்கள். வெயிலில் எஃப்/8, 1/500 நொடி, ஐஎஸ்ஓ 100 இருந்த இடத்தில் நிழலுக்கு எஃப்/5.6, 1/250 நொடி என்பதுபோல ஒன்று கிடைக்கும். இரண்டு ஸ்டாப் கூடுதல். வானம் வெளுக்கும், முகம் வரும்.

இனி அந்த எண்களைத் தொடாதீர்கள். ஒரே வெயிலில், வளைவு நிழலில், ஒருவர்பின் ஒருவராக நடந்துவருகிறார்கள். ஒருவர் ரோஜா நிற உடையில், அடுத்தவர் வெள்ளை வேட்டியில். ஆட்டோ ஒவ்வொருவருக்கும் புதிதாக ஏமாறும். நீங்கள் வைத்த எண்களோ உடையின் நிறத்துக்கு மயங்காது. ஒளி மாறாமல், எதிரே வருபவை மாறிக்கொண்டிருக்கும்போது ‘எம்’மின் வலிமை முழுதாகத் தெரியும்.

மேகம் வெயிலை மறைத்து மறைத்து விலகும் நாளில் நிலைமை தலைகீழ். எண்ணை மாற்றி முடிப்பதற்குள் காட்சி போய்விடும். அப்போது அப்பர்ச்சரை மட்டும் நாம் வைத்து, ஷட்டரைக் கேமராவிடம் விடும் ‘ஏ’ முறை போதும். கேனான் கேமராக்களில் அதை ‘ஏவி’ என்று குறித்திருப்பார்கள். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானால் கேமராவின் ஊகத்தை நாமே திருத்திக்கொள்ளலாம்: வெள்ளை மணலுக்குக் கூட்டல் 1, கரும்பாறைக்குக் கழித்தல் 1. இப்படி எடுப்பதில் குறைவு எதுவுமில்லை.

பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரு மாலைப் பயிற்சி. ஃபிளிக் அன் ஃபிளாக் போன்ற மேற்குக் கடற்கரை ஒன்றுக்கு மாலை நான்கு மணிக்குப் போங்கள். ஒரு கறுப்புக் கல், ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு பித்தளைச் செம்பு ஆகியவற்றை மணலில் அருகருகே வையுங்கள். ‘எம்’மில், கல் கறுப்பாகவும் துண்டு வெள்ளையாகவும் செம்பின் விளிம்பில் பளபளப்பு அழியாமலும் வரும் எண்களைத் தேடுங்கள். கிடைத்ததும் நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் ஏதேனும் ஓர் எண்ணை ஒரு படி மாற்றுங்கள். ஐந்து மணி வரை பெரும்பாலும் தாளில் புதிதாக எழுத ஒன்றும் இருக்காது. சூரியன் கடலைத் தொட்ட பிறகு இங்கே இருட்டு விரைவாக இறங்குவதால், அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். பேனாவோடு ஒரு சிறு டார்ச் விளக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.